டாக்டர் சொர்ணம்மாள் நட்ட சுமைதாங்கிகள்

போன மாசி மாதம் நானும் என் மனைவியும் கும்பகோணத்திலிருந்து மதுரைக்குப் போய்வந்தோம். மதுரை என்று சொன்னதும் "மீனாட்சி தரிசனம் நன்றாக ஆயிற்றா?" என்று கேட்பீர்கள். கோபுரத்தை ஜட்காவில் உட்கார்ந்தபடி தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. நாங்கள் போனது கற்களைப் பார்க்க. மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு வண்டிப் பாதையில் நிற்கும் சுமைதாங்கிக் கற்களை. யுத்தம் முடிந்து மறு வருஷமும் அரிசிக்கு வரிசையில் நிற்கிற நாளில், கல்லைப் பார்க்க ஒருவன் ரயில் ஏறினானா என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். வேறு யாராவது போயிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரே மகள், கல்யாணி. போன ஆனியில், ஏழாவது மாதத்தில், வயிற்றில் பிள்ளையோடு போய்விட்டாள். காலையில் தலைவலி என்றாள், மாலையில் இல்லை. அவ்வளவுதான் என்னால் எழுத முடியும்.

அப்படிப் போகிற பெண்ணுக்காக வழியோரத்தில் சுமைதாங்கி நடுவது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். இரண்டு கல்லைத் தோள் உயரத்துக்கு நட்டு, மேலே குறுக்கே ஒரு பலகைக் கல்லைப் போடுவார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யாரையும் கூப்பிடாமல் தாங்களே சுமையை அதில் சரித்து இறக்கி, மூச்சு வாங்கிவிட்டு, தாங்களே ஏற்றிக்கொண்டு போகலாம். சுமையோடு செத்துப்போனவள் அந்த உலகத்திலும் சுமந்துகொண்டே இருப்பாளாம். இங்கே ஒவ்வொருவர் இறக்கி வைக்கும்போதும் அவளுக்கும் கொஞ்சம் இறங்குமாம்.

கல்யாணிக்கு ஒரு கல் நட வேண்டும் என்று என் மனைவி தர்மு கேட்டாள். எட்டு மாதமாக அவள் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். அவள் அழக்கூட இல்லை. கல் நட வேண்டியது புருஷன் வீட்டார். சம்பந்தி வீட்டில் போய்ச் சொன்னேன். பையனுக்கு மறுபடி பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இந்த நேரத்தில் ரோட்டில் கல்லை நட்டு ஊருக்கெல்லாம் ஞாபகப்படுத்த வேண்டுமா என்றார்கள். எங்களுக்கோ ஒரு சாண் நிலம் கிடையாது, இருப்பது வாடகை வீடு. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையும் கிடையாது. நான் அச்சாபீசில் பிழை திருத்துகிறவன். எதையும் நம்பாமல் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் அச்சாபீசில் எழுத்துக் கோக்கிற ஒருவர் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். அவர் ஒரு நாள் டாக்டர் சொர்ணம்மாளைப் பற்றிச் சொன்னார். மேற்கத்திக் கிராமங்களில் முதன்முதலாகப் பிரசவம் பார்த்த பெண் டாக்டர். தன்னைக் கூப்பிட்டும் காப்பாற்ற முடியாமல் போன ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் தன் சம்பளத்தில் ஒரு சுமைதாங்கி நட்டவர். நான் இதை வீட்டில் சாப்பிடும்போது ஒரு செய்தியாகத்தான் சொன்னேன். தர்மு பரிமாறுவதை நிறுத்திவிட்டாள்.

"அங்கே போய்க் கேட்டா நம்ம கல்யாணிக்கும் ஒரு கல் நட இடம் குடுப்பாங்களா?"

தெரியாது என்றேன். "கேட்டுப் பார்ப்போம்" என்றாள். புறப்பட்டோம்.

ரயில் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். திருச்சியில் வண்டி மாற வேண்டும். மாறுகிற வண்டியில் இடம் கிடைத்தால் அது முன்ஜன்மப் புண்ணியம். மூன்றாம் வகுப்பில் என் முழங்காலின் மேல் மணப்பாறைக்காரர் ஒருவரின் பூசணிக்காய் திண்டுக்கல் வரை வந்தது. தர்முவின் மடியில் ஒரு தகரப் பெட்டி. இரண்டு நாள் பயணத்துக்கு ஒரு துணிப்பை போதும், அது என் தோளில் இருந்தது. இந்தப் பெட்டி எதற்கு என்று வீட்டிலேயே கேட்டேன். "இருக்கட்டும்ங்க" என்றாள். தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

காலை ஏழு மணிக்கு மதுரை. ஸ்டேஷனுக்கு எதிரிலேயே சத்திரம் இருக்கிறது, அறை கிடைத்தது. எதிர்ச் சாரியில் குடித்த காபியைப் பற்றி எழுதினால் மதுரைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், விட்டுவிடுகிறேன். பெட்டியை அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகலாம் என்றேன். தர்மு அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

முதலில் டாக்டரம்மாவின் கல்லறையைப் பார்த்துவிட்டுக் கிராமத்துக்குப் போவதாகத் திட்டம். ஜட்கா ஸ்டாண்டில் காதர் பாய் என்பவரின் வண்டி. போகவர எட்டணா பேசினோம்.

"எங்கிட்டு சாப் போகணும்?"

"டாக்டர் சொர்ணம்மாளை அடக்கம் செய்த இடத்துக்கு."

லகானை இழுத்துப் பிடித்துத் திரும்பிப் பார்த்தார். "அந்தம்மாவுக்கு நீங்க சொந்தமா?"

"இல்லை."

"அப்ப எதுக்கு?"

நியாயமான கேள்விதான். சும்மா பார்க்க என்றேன். அவர் தர்முவின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவராகவே பேச ஆரம்பித்தார்.

"அந்தம்மா மருந்து வாங்க டவுனுக்கு வந்தா எங்க ஸ்டாண்டுக்குத்தான் வருவாக. ஏறுறதுக்கு முன்னாடி, 'பாய், குதிரைக்குத் தண்ணி காட்டுனீங்களா?'ம்பாக. காட்டலைன்னா ஏற மாட்டாக. நின்னு, அது குடிச்சு முடிக்கிறதைப் பாத்துட்டுத்தான் ஏறுவாக. எங்க வீட்டுல பிரசவத்துக்கு வந்தப்பவும் அதே கேள்விதான் சாப். உள்ள நுழைஞ்சதும் 'இவளுக்குத் தண்ணி குடுத்தீங்களா?' எங்க குடுத்தோம்! பிள்ளை பெத்தவளுக்குத் தண்ணி காட்டக் கூடாதுன்னு எங்கம்மா சொம்பைத் தூக்கி ஒளிச்சு வச்சிருச்சு. அந்தம்மா போட்ட சத்தத்துல குதிரையே மெரண்டுருச்சு."

கல்லறைத் தோட்டத்தில் அவரே வழி காட்டினார். புளியமரத்தடியில் ஓர் ஓரமாக இருந்தது. சிறிய சிமெண்டு மேடை. பெயர், படிப்பு, இறந்த வருஷம், அதற்குக் கீழே 'இங்கே இளைப்பாறுகிறாள்' என்று ஒரு வரி. தர்மு பெட்டியைக் கீழே வைக்காமல் மேடையைச் சுற்றி வந்தாள். "இவ்வளவு சின்னதா இருக்கே" என்றாள்.

டாக்டரம்மாவைப் பற்றி எழுத்துக் கோக்கிறவர் சொன்னதும், காதர் பாய் சொன்னதும், பிறகு கிராமத்தில் கேட்டதும் எல்லாம் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். தெற்கே ஒரு தையற்காரர் வீட்டில் பிறந்த கிறிஸ்தவப் பெண். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, சென்னையில் எல்.எம்.பி. என்ற வைத்தியப் பட்டம் வாங்கினார். ஒத்துழையாமை, கதர் என்று நாடு பரபரப்பாக இருந்த காலத்தில், பட்டணத்து உத்தியோகத்தை விட்டுவிட்டு இந்த வானம்பார்த்த பூமிக்கு வந்து சேர்ந்தார். நாலு கட்டில் போட்ட ஓட்டுக் கட்டிடம் ஒன்று. முதல் வருஷம் அந்தக் கட்டில்களில் யாரும் படுக்கவில்லை. ஆஸ்பத்திரி என்றால் சாவதற்குப் போகிற இடம் என்பது ஊரார் எண்ணம்.

வேறு யாராக இருந்தாலும் மூட்டை கட்டியிருப்பார்கள், அல்லது ஜனங்களைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். இவர் மருத்துவச்சிகளின் வீட்டுக்குப் போனார். ஒவ்வொருத்திக்கும் ஒரு சோப்பும் ஒரு கத்தரிக்கோலும் கொடுத்து, கத்தரியை வெந்நீரில் கொதிக்கவைத்துக் கொடியறுக்க வேண்டும் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டார். பிரசவம் நீங்களே பாருங்கள், நான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், முடியாமல் போனால் கூப்பிடுங்கள் என்றார். வாசலில் உட்காருவதற்காக எத்தனையோ மைல் ஒற்றைமாட்டு வண்டியில் போனார். மெல்ல மெல்ல உள்ளே கூப்பிட்டார்கள். ஏழாம் நாள் இசிவு கண்டு குழந்தைகள் சாவது அந்தப் பக்கத்தில் குறைந்தது. அதை எந்தக் கல்லிலும் யாரும் எழுதி வைக்கவில்லை. பிழைத்தவர்களுக்குக் கல் நடுகிற வழக்கம் நம்மிடம் இல்லையே.

இனி பயணத்துக்கு வருகிறேன். செக்கானூரணி வரை எட்டு மைல், பஸ் உண்டு. இன்னும் கரி பஸ்தான். பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு, ஏற்றம் வந்தால் பெருமூச்சு விட்டுக்கொண்டு போகிறது. ஆளுக்கு நாலணா, பெட்டிக்குத் தனியாக ஓர் அணா. நாகமலையை ஒட்டியே போகிற ரோடு, பாதி வழி வரை மலையின் நிழல் கூடவே வருகிறது. வெள்ளை வேட்டியோடு போகாதீர்கள், கரித்தூள் படியும்.

செக்கானூரணியில் இறங்கியதும், டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி இருந்த சின்னப்புளியங்குளம் போக வண்டி விசாரித்தோம். டாக்டரம்மாவுக்கு வண்டி ஓட்டிய ஒச்சு என்பவர் அன்று சந்தைக்கு வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். சந்தையில் யாரோ "ஏ சொர்ணம்!" என்று கூப்பிட, மூன்று பெண்கள் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். ஒச்சு அதைக் கண்டுகொள்ளாமல் வைக்கோலை உதறிப் பரப்பி, தர்மு ஏறுவதற்கு வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பெட்டிய இங்கிட்டுக் குடுங்கக்கா."

"வேணாம்ப்பா, மடியில வச்சுக்கறேன்."

பாதை இரண்டரை மைல். இரண்டு பக்கமும் அறுத்த சோளக்கொல்லை, நடுநடுவே கிணறுகள். அரை மைல் போவதற்குள் முதல் கல் வந்துவிட்டது. அதன் மேல் ஒரு புல்லுக்கட்டு, பக்கத்தில் ஒரு கிழவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். பலகைக் கல்லின் முகப்பில் ஒரு பேர் செதுக்கியிருந்தது.

"இது கருப்பாயி" என்றார் ஒச்சு. "ரெட்டைப் புள்ள. டாக்டரம்மா போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு." இன்னும் கொஞ்ச தூரத்தில் அடுத்தது. "இது வெள்ளத்தாயி. கை காலெல்லாம் வீங்கி, இழுப்பு வந்து போச்சு." அதற்கப்புறம் அடுத்தது. அவர் சாதாரணமாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார், பக்கத்து வீட்டுக்காரர்களை அறிமுகப்படுத்துகிற மாதிரி. எனக்குத்தான் போதும் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. தர்மு ஒவ்வொரு கல்லையும் கடந்த பிறகும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கிறிஸ்தவ டாக்டருக்கு இந்தக் கல்லெல்லாம் எதற்கு என்று கேட்டேன்.

"மிஷன் சாமியாரும் இதேதாண்ணே கேட்டாரு. டாக்டரம்மா, 'வெயில்ல வாரவ தலையில இருந்து பாரம் எறங்குது, இதுல எந்தச் சாமிக்குக் கோவம் வரும்?'னு கேட்டாக. அவரு பேசாமப் போயிட்டாரு. எங்க பக்கத்துப் பொம்பளைக ஒம்பது மாசத்துலயும் வெறகு சொமப்பாகண்ணே. எறக்கி விட ஆளில்லாம, தானா எறக்கப் போயி, தடுக்கி விழுந்து ரத்தம் போகும். டாக்டரம்மா அதைப் பாத்துருக்காக. செத்தவளுக்குக் கல்லு நட்டா, அடுத்தவ விழ மாட்டாள்ல? அதுக்குத்தான் நட்டாக."

நம்பாமல் படிக்கிறவனுக்கு அதில் திருத்த ஒன்றும் அகப்படவில்லை.

ஒரு வளைவில் மாடு தானாகவே நின்றது. ஒச்சு அதட்டவில்லை. அங்கே ஒரு கல்.

"இது எம் பொண்டாட்டி. பேச்சி."

மாட்டின் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு அவரே சொன்னார். "மொதப் புள்ள. எட்டாம் மாசம். டாக்டரம்மா ரெண்டு ராத்திரி பக்கத்துலயே இருந்தாக. ஒண்ணும் நடக்கல. எரிச்சுட்டு வந்து, அருவாளை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேண்ணே. வெட்டிப்புடணும்னுதான் போனேன். அந்தம்மா படிக்கட்டுல உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தாக. டாக்டரு அழுது நான் பாத்ததில்ல. என்னையப் பாத்தாக, அருவாளையும் பாத்தாக. 'கல்லை எங்க நடலாம் ஒச்சு?'ன்னு கேட்டாக. அம்புட்டுத்தான். மறுமாசம் அவுக வண்டிக்கு நாந்தான் ஆளு."

தர்மு அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "உங்களுக்குக் கனம் குறைஞ்சுதாப்பா?"

"எனக்கு எங்கக்கா கொறையும்? அவளுக்குக் கொறையுதுன்னு நெனச்சுக்கிருவேன்."

சின்னப்புளியங்குளத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிடம் இன்னும் இருக்கிறது. டாக்டரம்மா போய் எட்டு வருஷமாக வேறு டாக்டர் வரவில்லை. இப்போது உள்ளே ரேஷன் மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். காலரா கண்ட வருஷத்தில், பேதியாகிக்கொண்டிருந்த ஒரு பிரசவக்காரிக்குப் பக்கத்தில் இருந்துதான் அவருக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. டாக்டரம்மா மறுநாள் போய்விட்டார். நல்லது செய்தவர்களுக்கு இப்படித்தான் நடக்கும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். ஏன் இப்படி நடக்க வேண்டும்?

ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து, ஒச்சு கொண்டுவந்த மோரைக் குடித்தோம். தர்மு வந்த காரியத்தைக் கேட்டாள். கல்யாணியைப் பற்றி முழுதும் சொன்னாள். சம்பந்தி வீட்டார் சொன்னதையும் விடவில்லை. "இந்த வழியில எங்கேயாவது ஓர் ஓரமா, ஒரு கல் நட்டுக்கலாமாப்பா? செலவெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்."

ஒச்சு தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்பா நெனைக்காதீகக்கா. தை பொறந்தா ஒவ்வொரு கல்லுக்கும் அவுகவுக வீட்டுல இருந்து வந்து, மஞ்சத் தடவி, பொங்கல் வப்பாக. நீங்க கும்பகோணத்துல இருக்கீக. ஒரு வருசம் வருவீக, ரெண்டு வருசம் வருவீக. அப்புறம்? எல்லாக் கல்லுக்கும் பொங்கல் வச்சு, உங்க புள்ள கல்லு மட்டும் வெறுமனே நின்னா அது ஏங்கிப் போயிரும்க்கா. அம்புட்டுப் பெரிய பாவத்தை எங்க ஊரு சொமக்க ஏலாது."

சம்பந்தி வீட்டார் சொன்னபோது எனக்கு ரத்தம் கொதித்தது. இவர் சொன்னபோது அப்படி இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. இதற்காகத்தானா இத்தனை தூரம் அவளைக் கூட்டிவந்தோம் என்று என்னையே நொந்துகொண்டேன். தர்மு "சரிப்பா, நீங்க சொல்றது நியாயம்தான்" என்றாள். அந்தக் குரலை நான் கேட்டிருக்கவே வேண்டாம்.

கொஞ்ச நேரம் கழித்து அவள்தான் எதிரே காட்டிக் கேட்டாள். "அது யாரு கல்லு? பேரைக் காணோமே."

ஆஸ்பத்திரிக்கு எதிரே, பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு சுமைதாங்கி. மற்றவற்றைவிட நல்ல கல், நல்ல வேலை. பேர் இருக்க வேண்டிய இடம் மட்டும் கொத்திக் கொத்திப் பள்ளமாக இருந்தது. வரும்போது ஒச்சு அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

"டாக்டரம்மாவுக்கு நாங்க நட்டதுக்கா."

அவர் சொன்னது இது. டாக்டரம்மாவின் உடலை மதுரைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். ஊருக்குத் தாளவில்லை. ஏதாவது செய்ய வேண்டும். அவர்களுக்குத் தெரிந்த பெரிய மரியாதை ஒன்றுதான். சுற்று வட்டாரமே காசு போட்டு, மேலூர்ப் பக்கத்திலிருந்து கல் இறக்கி, டாக்டரம்மாவின் பேரைச் செதுக்கிச் சுமைதாங்கி நட்டார்கள். மூன்றாம் மாதம் அவருடைய தம்பி வந்தார். அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஊரார் அவரை மேளத்தோடு கூட்டிப்போய்க் கல்லைக் காட்டினார்கள். அவர் பேரைப் படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"'எங்கக்கா கல்யாணமே ஆகாதவய்யா'ன்னாரு. 'இந்தக் கல்லைப் பாக்குற வெளியூர்க்காரன் என்ன நெனைப்பான்? வயித்துல புள்ளையோட செத்தான்னு நெனைக்க மாட்டானா? இப்படி அவமானப்படுத்திட்டீகளே'ன்னு அழுதாரு. அப்பத்தாண்ணே எங்களுக்கு ஒறைச்சுச்சு. அம்புட்டுப் பேரு இருந்தோம், ஒருத்தனுக்குமே அது தோணலை. எங்க புள்ளைகளை எல்லாம் சொமந்தவ அவதானேன்னு நெனச்சோமே தவிர, வேற நெனப்பே வரல."

தம்பி கல்லைப் பிடுங்கிப் போடச் சொல்லியிருக்கிறார். பிடுங்க ஆள் கூடிய நேரத்தில் ஒருத்தி புல்லுக்கட்டோடு வந்து, விஷயம் தெரியாமல் அதில் இறக்கி வைத்துவிட்டு நின்றாளாம். வாத்தியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கல் இருக்கட்டும், பேர் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கல்தச்சர் உளியைத் தொட மறுத்துவிட்டார்.

"நாந்தான் கொத்துனேன். எனக்குப் படிக்கத் தெரியாது. எது மொத எழுத்து, எது கடைசின்னு தெரியாமலே கொத்தி எடுத்தேன்" என்றார் ஒச்சு.

தர்மு எழுந்தாள். பெட்டியைக் கையில் எடுத்தாள். என்னிடம் வந்து, "அந்தத் துண்டைக் கொஞ்சம் குடுங்க" என்றாள். முதலில் எதற்கென்று புரியவில்லை. புரிந்ததும், என் தோளில் இருந்த துண்டை நானே முறுக்கி, வளையமாகச் சுற்றி, சும்மாடு ஆக்கி அவள் தலையில் வைத்தேன். பெட்டியைத் தூக்கி அதன் மேல் ஏற்றினேன். முப்பது வருஷ வாழ்க்கையில் அவள் தலையில் ஒரு குடத்தைக்கூட நான் ஏற்றிவிட்டதில்லை. கடைத்தெரு வழியாகக் கூடை தூக்கிப் போனால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற வீடு எங்களுடையது.

ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் மெதுவாக நடந்தாள். கல்லுக்குப் பக்கத்தில் போய், தலையைச் சாய்த்து, பெட்டியைப் பலகைக் கல்லின் மேல் சரித்தாள். அது கல்லில் உராய்ந்து நின்றது. யாரும் கை கொடுக்கத் தேவைப்படவில்லை. இரண்டு கையையும் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு, எட்டு மாதத்தில் முதல் தடவையாக அழுதாள். வாய்விட்டு அழுதாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"தொட்டில் சேலைங்க" என்றாள். "அவ கூறைப் பட்டு. குட்டிக்குத் தைச்ச சட்டை எல்லாம். வீட்டில வச்சுப் பார்க்கவும் முடியலை, யாருக்கும் குடுக்கவும் முடியலை." நானும் அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. திரும்பினால், பின்னால் ஒரு பெண் விறகுக் கட்டோடு காத்துக்கொண்டிருந்தாள். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். வயிறு தெரிந்தது. எங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சுமையோடு வெயிலிலேயே நின்றிருக்கிறாள். தர்மு பதறிப்போய்ப் பெட்டியை இழுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள். அந்தப் பெண் வந்து கட்டைக் கல்லில் சரித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"எத்தனை மாசம்மா?"

"ஏழு நடக்குதுக்கா."

தர்மு அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். "தண்ணி குடிச்சியா?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. பிறகு எங்கள் கூஜாவைத் திறந்து ஊற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண் அண்ணாந்து கடகடவென்று குடித்தாள்.

"உன் பேர் என்னம்மா?"

"சொர்ணம்."

தர்மு நிமிர்ந்து ஒச்சுவைப் பார்த்தாள். அன்று முழுதும் சிரிக்காத மனிதர் அப்போதுதான் சிரித்தார். "ஆமாக்கா. இந்தப் பக்கம் மூணு வீட்டுக்கு ஒரு சொர்ணம் இருக்கும். டாக்டரம்மா கையில பொறந்த பொட்டப்புள்ள அம்புட்டுக்கும் இதே பேருதான். சந்தையில கூப்புட்டா ஒரே குழப்பம். எங்க உளிக்கு இந்தக் கல்லுல இருந்த பேரு மட்டுந்தானே எட்டுச்சு?"

சொர்ணம் தானே கட்டைத் தலைக்கு மாற்றிக்கொண்டு, "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் பாதையில் இறங்கினாள். அவள் கண்ணுக்கு மறைகிற வரை தர்மு நின்றாள்.

மாலை பஸ்ஸில் மதுரைக்குத் திரும்பினோம். பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். கனம் கொஞ்சமும் குறையவில்லை. அதைப் பற்றிப் பொய் எழுத மாட்டேன். ஆனால் ரயிலில் தர்மு அதை மடியில் வைத்துக்கொள்ளவில்லை, கால்மாட்டில் தள்ளிவிட்டுத் தூங்கினாள். கல்யாணிக்கு எங்கும் ஒரு கல் இல்லை. இனி இருக்கப்போவதும் இல்லை. எப்போதாவது மத்தியான வேளையில் தர்மு, "இந்நேரம் யாராவது அங்கே இறக்கி வச்சிருப்பாங்க இல்ல?" என்று கேட்பாள். ஆமாம் என்பேன். நம்பித்தான் சொல்கிறேன்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை பத்து மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று டிரைவருக்கே தெரியாது. செக்கானூரணிக்கு அப்பால் சாப்பாடு கிடைக்காது, கட்டிக்கொண்டு போங்கள். சந்தை நாளாக இருந்தால் வண்டி சுலபமாகக் கிடைக்கும். ஒச்சுவைக் கேட்டால் எல்லோருக்கும் தெரியும். குடிதண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு மட்டும் போதுமான அளவு எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

வெறுந்தலையோடு மட்டும் போக வேண்டாம். எதையாவது சுமந்துகொண்டு போங்கள், ஆஸ்பத்திரிக்கு எதிரே பேர் கொத்தி எடுத்த கல்லில் இறக்கி வையுங்கள். உங்களுக்குப் பின்னால் ஒரு பெண் சுமையோடு காத்து நிற்பாள். நகர்ந்து அவளுக்கு இடம் கொடுங்கள். அவள் பேர் என்னவென்று கேட்காமல் வந்துவிடாதீர்கள்.